கல்லீரல் நோயெதிர்ப்பு ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லீரல் நோய்களில் நோயெதிர்ப்பு மண்டலத்தின் பங்கை ஆராயும் ஆய்வகங்களில் புதிதாகச் சேரும் மாணவர்களும், பயிற்சி மருத்துவர்களும், மாதிரி கொடுக்க முன்வரும் நோயாளிகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. செய்முறை பற்றிய பதில்கள் மட்டும் நீளமாக இருக்கும். இந்தத் துறையில் ஒன்றோடொன்று மோதும் முடிவுகள் பலவற்றுக்கு, செல்களைப் பிரித்தெடுத்த விதமே காரணமாக இருப்பதுதான் அதற்குக் காரணம்.

கல்லீரல் செரிமான உறுப்பு அல்லவா? நோயெதிர்ப்புக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. உணவுப் புரதங்கள், குடல் பாக்டீரியாக்களின் சிதைவுகள், சில வேளைகளில் உயிருள்ள பாக்டீரியாக்கள் என எல்லாம் அதோடு சேர்ந்தே வரும். அந்த ரத்தம் சைனுசாய்டு எனப்படும் நுண்நாளங்களில் மெதுவாக ஊர்ந்து செல்கிறது. அந்த நாளங்களின் சுவரில் சல்லடைபோல் துளைகள் உண்டு. அடித்தளச் சவ்வு கிடையாது. ஆகவே ரத்தத்தில் போகும் ஒரு டி செல் (தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை), சுவரைத் தாண்டாமலேயே துளை வழியாகக் கல்லீரல் செல்லைத் தொட்டுப் பார்க்க முடியும். வேறெந்தத் திட உறுப்பிலும் இவ்வளவு எளிதாக இது நடப்பதில்லை.

உடலின் திசுக்களில் நிலையாக வாழும், அந்நியப் பொருள்களை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களில் பெரும்பகுதி, அதாவது குப்ஃபர் செல்கள், இங்கேதான் உள்ளன. வரும் ஒவ்வொரு அந்நியப் பொருளுக்கும் இவை சீறினால் உறுப்பே மிஞ்சாது. அதனால் கல்லீரலின் இயல்பான போக்கு பொறுத்துப் போவது. 1969இல் மாற்று அறுவை மருத்துவர் ராய் கால்னும் அவரது குழுவினரும், உறவில்லாத பன்றிகளுக்கிடையே மாற்றப்பட்ட கல்லீரல் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து இல்லாமலேயே பல வேளைகளில் ஏற்கப்படுவதைக் காட்டினார்கள். அதே பன்றியிடமிருந்து எடுத்த சிறுநீரகத்தையும் தோலையும்கூட உடல் அதன்பின் எளிதில் நிராகரிக்கவில்லை. இந்தப் பொறுமைதான் ஹெபடைடிஸ் வைரஸ்களுக்கும், கல்லீரலில் பரவும் புற்றுக்கும் வசதியாகிப் போகிறது.

ரத்தத்தை எடுத்து ஆராய்ந்தால் போதாதா? எதற்குத் திசு?

பல கேள்விகளுக்குப் போதாது. மனித ரத்தத்தில், மற்ற நோயெதிர்ப்பு செல்களை வழிநடத்தும் சிடி4 டி செல்கள், தொற்றிய செல்லைக் கொல்லும் சிடி8 டி செல்களைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. கல்லீரலில் இந்த விகிதம் தலைகீழ். மெய்ட் செல்கள் (பாக்டீரியாப் பொருள்களை உணரும் டி செல் வகை) ரத்த டி செல்களில் 1 முதல் 10 சதவீதம். கல்லீரலில் 20 முதல் 40 சதவீதம்வரை போகும். என்கே செல்கள் (தொற்றிய செல்லை முன்பழக்கமின்றியே கொல்பவை) ரத்த லிம்ஃபோசைட்டுகளில் (டி, பி, என்கே செல்கள் அடங்கிய வெள்ளணுக் குடும்பம்) பத்தில் ஒன்றோ சற்று அதிகமோ இருக்கும். கல்லீரலில் மூன்றில் ஒரு பங்கையும் தாண்டும். அந்த என்கே செல்களில் ஏறத்தாழ பாதி, மேற்பரப்பில் சிடி56 புரதம் அதிகமாகவும் சிஎக்ஸ்சிஆர்6 புரதம் பாசிட்டிவாகவும் உள்ள, கல்லீரலைவிட்டு வெளியேறாத வகை. அந்த வகையை ரத்தத்தில் தேடினால் கிடைக்காது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு நோயில் ரத்தத்தின் மெய்ட் செல்கள் குறைந்தால், அவை கல்லீரலுக்குள் போய்விட்டனவா, செத்துவிட்டனவா என்று ரத்தம் சொல்லாது. சிரோசிஸில் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நிலை) இரண்டு இடங்களிலும் குறைகின்றன. ரத்தத்தில் குறைவதைப் பார்த்துவிட்டு “கல்லீரலுக்கு இடம்பெயர்ந்தன” என்று எழுதிய வரிகளைப் படிக்கும்போது, திசுவில் எண்ணினார்களா என்று முதலில் பாருங்கள்.

ரத்தம் பயன்படும் இடங்களும் உண்டு. ஒரே நோயாளியைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பலமுறை பார்க்க வேண்டுமென்றால், வாராவாரம் பயாப்ஸி எடுக்க முடியாது. மோனோசைட்டுகளின் (திசுவுக்குள் போய் மேக்ரோஃபேஜாக மாறும் வெள்ளணுக்கள்) நிலை, சைட்டோகைன் (செல்களுக்கிடையே செய்தி கடத்தும் புரதம்) அளவு, வைரஸ் அளவு ஆகியவற்றுக்கு ரத்தமே சரி.

மனிதக் கல்லீரல் திசு எங்கிருந்து கிடைக்கிறது?

நான்கைந்து வழிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு கோணல் இருக்கும்.

மருத்துவத் தேவைக்காக எடுக்கும் ஊசி பயாப்ஸி: 16 கேஜ் ஊசியில் 2 செ.மீ. நீளத் துண்டு வந்தால் நல்லது. முழுக் கல்லீரலில் அது ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. நோயறிதலுக்குப் போக மிஞ்சுவது அரை செ.மீ. இருந்தால் பெரிது. அதிலிருந்து கிடைக்கும் நோயெதிர்ப்பு செல்கள் சில ஆயிரங்கள்தான் என்பதால், 20 குறியிகள் (செல் வகையைக் காட்டும் புரதங்கள்) கொண்ட ஒரே ஒரு குழாய் சோதனைக்குத் திட்டமிடுங்கள். ஐந்து குழாய்களுக்குப் பிரித்தால் எதிலும் எண்ண ஆளிருக்காது.

நுண்ணூசி உறிஞ்சல்: 22 முதல் 25 கேஜ் மெல்லிய ஊசி. வலியும் ரத்தக்கசிவு ஆபத்தும் பயாப்ஸியைவிடக் குறைவு, ஆகவே அதே ஆளிடம் சில வாரங்கள் கழித்து மீண்டும் எடுக்கலாம். சிகிச்சையின்போது கல்லீரலுக்குள் நடப்பதைத் தொடர்ந்து பார்க்க இப்போதைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் திசுவின் அமைப்பு தெரியாது. ரத்தமும் கலந்து வரும். அதே நேரத்தில் எடுத்த ரத்த மாதிரியை அருகில் வைத்து ஒப்பிடாமல், உறிஞ்சலில் கண்டதையெல்லாம் கல்லீரல் செல் என்று எழுதக்கூடாது.

மாற்று அறுவையின்போது அகற்றப்படும் பழைய கல்லீரல்: திசு தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அது நோயின் கடைசிக் கட்டம். நோய் எப்படித் தொடங்கியது என்பதற்கு அது சாட்சியாகாது.

தானக் கல்லீரலைப் பொருத்துமுன் அலசி வெளியேற்றும் பாதுகாப்புத் திரவம்: சாக்கடைக்குப் போகவேண்டிய இந்தத் திரவத்தில் சைனுசாய்டு லிம்ஃபோசைட்டுகள் கோடிக்கணக்கில் இருக்கும், அதுவும் நொதி படாமல். அறுவை அரங்கோடு நல்ல உறவு வைத்திருக்கும் ஆய்வகங்களுக்கு இது பொக்கிஷம்.

கடைசியாக, கட்டி அறுவையில் கிடைக்கும் விளிம்புத் திசு. பெரும்பாலான கட்டுரைகளில் “இயல்பான கல்லீரல்” என்று வருவது இதுதான். பெருங்குடல் புற்று கல்லீரலுக்குப் பரவியவர்கள் அறுவைக்கு முன் கீமோதெரபி எடுத்திருப்பார்கள். ஆக்ஸாலிபிளாட்டின் சைனுசாய்டு சுவரைக் கெடுக்கும், இரினோடெகான் கொழுப்பு அழற்சியைத் தூண்டும். மருந்து விவரத்தையும் கடைசி சுற்று முடிந்த தேதியையும் குறிக்காத விளிம்புத் திசுவை ஒப்பீட்டுக்கு வைக்காதீர்கள்.

சுண்டெலிக் கல்லீரலிலிருந்து செல்களைப் பிரிப்பது எப்படி?

முதலில் எந்தச் செல் வேண்டும் என்று முடிவெடுங்கள். லிம்ஃபோசைட்டுகள் மட்டும் போதுமென்றால் நொதியே வேண்டாம். போர்ட்டல் சிரை வழியாகக் குளிர்ந்த பிபிஎஸ் (உப்புக் கரைசல்) செலுத்தி ரத்தத்தை அலசுங்கள், 70 மைக்ரான் சல்லடையில் வைத்து சிரிஞ்சின் பின்புறத்தால் மெல்லத் தேயுங்கள், செல்களை அடர்த்தியால் பிரிக்கும் பெர்கோல் திரவத்தில் சுழற்றுங்கள். மேக்ரோஃபேஜ்கள், டென்ட்ரைட்டிக் செல்கள், சைனுசாய்டு சுவர் செல்கள், ஸ்டெல்லேட் செல்கள் (வைட்டமின் ஏ சேமிப்பவை), உயிருள்ள ஹெபடோசைட்டுகள் (கல்லீரலின் முதன்மைச் செல்கள்) ஆகியவை வேண்டுமென்றால் திசுவைக் கரைக்கும் கொலாஜினேஸ் நொதி தவிர்க்க முடியாதது.

இரண்டு கட்ட கொலாஜினேஸ் முறை இது. மயக்கிய எலியின் வயிற்றைத் திறந்து, போர்ட்டல் சிரையில் 22 அல்லது 24 கேஜ் கேனுலாவை நுழைத்து, கீழ்ப்பெருஞ்சிரையை உடனே வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் பம்பைத் திறந்தால் அழுத்தத்தில் கல்லீரல் ஊதும். முதல் திரவம்: கால்சியம் இல்லாத ஹேங்க்ஸ் பஃபர், 0.5 மில்லிமோலார் இஜிடிஏ, நிமிடத்துக்கு 5 முதல் 7 மி.லி., ஐந்து நிமிடம். சில நொடிகளில் எல்லா மடல்களும் ஒரே சீராக வெளிறும். ஒரு மடல் மட்டும் சிவப்பாகவே இருந்தால் கேனுலா கிளைக்குள் ஆழமாகப் போய்விட்டது என்று பொருள், ஒன்றிரண்டு மி.மீ. பின்னுக்கு இழுங்கள்.

இரண்டாம் திரவம்: கால்சியம் சேர்த்த பஃபரில் மி.லி.க்கு 0.2 முதல் 0.5 மி.கி. கொலாஜினேஸ், ஐந்து முதல் எட்டு நிமிடம். முதல் திரவம் கால்சியத்தைப் பிடுங்கி செல்களுக்கிடையேயான பிணைப்பைத் தளர்த்துகிறது. ஆனால் கொலாஜினேஸ் வேலை செய்யக் கால்சியம் வேண்டும். குழாயில் மிச்சமிருக்கும் இஜிடிஏ அதைத் தின்றுவிட்டால் நொதி சும்மா ஓடும். ஆகவே நொதி போடுமுன் கால்சியமுள்ள பஃபரை அரை நிமிடம் ஓடவிடுவது நல்லது.

எப்போது நிறுத்துவது? கடிகாரத்தைவிட விரலை நம்புங்கள். ஈரமான பஞ்சுக் குச்சியால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்க வேண்டும். பித்தப்பையை நீக்கி, கல்லீரலைச் சீரம் கலந்த குளிர்ந்த ஊடகத்துக்கு மாற்றி, மேலுறையை இரண்டு இடுக்கிகளால் கிழித்து ஆட்டினால் செல்கள் மேகம்போல் கலையும். வெட்டித் தேய்த்தால்தான் பிரியும் என்ற நிலை இருந்தால் செரிமானம் போதவில்லை.

100 மைக்ரான் சல்லடையில் வடிகட்டி, 4 டிகிரியில், 50 ஜி வேகத்தில் மூன்று நிமிடம் சுழற்றினால் ஹெபடோசைட்டுகள் அடியில் படியும். மேல்நீரை மறுபடி ஒருமுறை 50 ஜியில் ஓட்டுங்கள். அதன் மேல்நீரை 400 ஜியில் எட்டு நிமிடம் சுழற்றினால் மற்றச் செல்கள் கிடைக்கும்.

பெர்கோல் கட்டத்தில் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். புட்டியில் உள்ள பெர்கோல் உப்பில்லாதது. 9 பங்கு பெர்கோலுக்கு 1 பங்கு பத்து மடங்கு செறிவுள்ள பிபிஎஸ் சேர்த்தால் கிடைப்பதுதான் “100 சதவீதம்”. அதிலிருந்து 35 சதவீதம் செய்து, செல்களை அதிலேயே கலந்து, அறை வெப்பத்தில் 800 ஜியில் 20 நிமிடம், பிரேக் இல்லாமல் சுழற்றுங்கள். ஹெபடோசைட் சிதைவுகளும் கொழுப்பும் மேலே பழுப்புப் படலமாக மிதக்கும். லிம்ஃபோசைட்டுகளும் சிவப்பணுக்களும் அடியில் இருக்கும். மேல்படலத்தை முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டு, பிறகு மீதித் திரவத்தை எடுங்கள். நேரே கவிழ்த்தால் படலம் குழாய்ச் சுவரில் வழிந்து அடியில் உள்ள செல்களோடு கலந்துவிடும். சிவப்பணுக்களை அம்மோனியம் குளோரைடு கரைசலில் இரண்டு, மூன்று நிமிடத்தில் உடைத்துவிடலாம்.

விளைச்சல் குறைவு, அல்லது பாதிச் செல்கள் இறந்துபோகின்றன. எங்கே கோளாறு?

ஒரு ஆரோக்கியமான எலிக் கல்லீரலில் இந்த முறையில் 10 முதல் 50 லட்சம் வெள்ளணுக்கள் எதிர்பார்க்கலாம். அதற்கும் கீழே போனால் பின்வருமாறு சரிபாருங்கள்.

வெப்பம்: தண்ணீர்த் தொட்டி 37 டிகிரி காட்டினாலும் கேனுலா முனையில் 33 இருக்கலாம், ஏனெனில் நீளமான குழாயில் போகும்போது ஆறிவிடும். முனையிலிருந்து சொட்டும் திரவத்தை அளந்து, அது 37 ஆகும்வரை தொட்டியை 40, 42 என்று ஏற்றுங்கள்.

காற்றுக்குமிழி: ஒரே ஒரு குமிழி போதும், ஒரு மடலையே அடைத்துவிடும்.

கொலாஜினேஸ் லாட் (தயாரிப்புத் தொகுதி): இது பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் கலவை. ஒவ்வொரு லாட்டிலும் உடன்வரும் பிற புரோட்டியேஸ்களின் அளவு வேறு. புது லாட் வந்ததும் மூன்று செறிவுகளில் சோதித்து, நன்றாக வேலை செய்வதை ஓராண்டுக்குத் தேவையான அளவு மொத்தமாக வாங்கி வையுங்கள். ஒரு ஆய்வின் பாதியில் லாட் மாறினால் அந்த ஆய்வு இரண்டு ஆய்வுகளாகிவிடும்.

கட்டிக்கட்டியாக ஒட்டுகிறது என்றால், செத்த செல்களின் டிஎன்ஏதான் பசை. மி.லி.க்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் டிஎன்ஏஸ் (டிஎன்ஏவை வெட்டும் நொதி) சேர்க்கலாம். அதற்கு மக்னீசியம் வேண்டும், எனவே மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ உள்ள பஃபரில் போட்டுப் பயனில்லை.

லிம்ஃபோசைட்டுகள் எண்ணிக்கையில் சரி, ஆனால் கல்லீரல்வாசி டி செல்கள் மட்டும் சோதனைக் குழாயிலேயே சாகின்றன என்றால் வேறு காரணம் உண்டு. திசு உடையும்போது கசியும் என்ஏடி மூலக்கூறு, எலி டி செல்களின் ஏஆர்டிசி2 நொதி வழியாக பி2எக்ஸ்7 ஏற்பியைத் தூண்டிக் கொன்றுவிடுகிறது. திசுவாசி செல்களில் இந்த ஏற்பி அதிகம். எலியைப் பலியிடுவதற்கு அரைமணி முன்பு ஏஆர்டிசி2-ஐத் தடுக்கும் நானோபாடி (சிறு ஆன்டிபாடித் துண்டு) கொடுத்தால் அவை தப்பிக்கும். இது தெரியாமல் “நினைவுச் செல்கள் குறைந்தன” என்று முடிவு கட்டினால், உண்மையில் அளந்தது செல்கள் சாகும் வேகத்தைத்தான்.

ரத்தநாளத்தில் ஆன்டிபாடி செலுத்தி, திசுவுக்குள் இருப்பவற்றைத் தனியே பிரிக்கலாமா?

நுரையீரலில் நன்றாக ஓடும் முறை. எலியைப் பலியிடுவதற்கு மூன்று நிமிடத்துக்கு முன், வெள்ளணுக்களில் ஒட்டும் நிறமேற்றிய சிடி45 ஆன்டிபாடியைச் சிரையில் செலுத்தினால், நிறம் ஏறியவை ரத்தத்தில் இருந்தவை, ஏறாதவை திசுவில் இருந்தவை. கல்லீரலில் இந்தக் கணக்கு பலிக்காது. இங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் நினைவு டி செல்களும் குப்ஃபர் செல்களும் சைனுசாய்டுக்கு உள்ளேயே, ரத்தம் படும் இடத்திலேயே இருக்கின்றன. எல்லாம் நிறம் ஏறும். குடியிருப்பை நிரூபிக்க, இரண்டு எலிகளின் ரத்த ஓட்டத்தை இணைக்கும் பாராபயோசிஸ் சோதனையோ, சிடி69, சிஎக்ஸ்சிஆர்6 போன்ற குறியிகளோ தேவை.

ஃப்ளோ சைட்டோமெட்ரியில் எல்லாமே பாசிட்டிவாகத் தெரிகிறது. ஏன்?

ஒளிரும் சாயமேற்றிய செல்களை லேசரில் ஒவ்வொன்றாக அளப்பதே ஃப்ளோ சைட்டோமெட்ரி. கல்லீரல் செல்களோ தாமாகவே ஒளிர்பவை. ஸ்டெல்லேட் செல்லில் வைட்டமின் ஏ, ஹெபடோசைட்டில் லிப்போஃபஸ்சின் நிறமி, குப்ஃபர் செல்லில் அது விழுங்கிய எல்லாம். ஊதா, நீல லேசர்களில் இந்த ஒளிர்வு மோசம். மங்கலான குறியிகளை அங்கே வைக்காமல் சிவப்பு லேசருக்கு மாற்றுங்கள். சாயமிடாத மாதிரி கட்டாயம் வேண்டும். அதுவும் ஒவ்வொரு நோய்க் குழுவுக்கும் தனித்தனியே. கொழுப்பேறிய கல்லீரலின் பின்னணி ஒளிர்வு ஆரோக்கியமானதைப் போன்றதல்ல. ஒரே கட்டுப்பாட்டை இரண்டுக்கும் வைத்தால், நோயால் குறியி கூடியது என்ற பொய்யான முடிவு அழகாக வந்து நிற்கும்.

அடுத்தது எஃப்சி ஏற்பிகள், ஆன்டிபாடியின் வால்பகுதியைப் பிடித்துப் பொய்யான பாசிட்டிவ் தருபவை. எலிக்கு சிடி16/32 தடுப்பான், மனிதருக்கு எஃப்சி தடுப்பான், பத்து நிமிடம். சயனின் கலந்த சாயங்கள் மேக்ரோஃபேஜ்களில் ஆன்டிபாடியின் துணையின்றியே ஒட்டும். அதற்கெனத் தனித் தடுப்பான்கள் கிடைக்கின்றன. இறந்த செல் சாயம் இல்லாமல் கல்லீரல் மாதிரியை ஓட்டவே கூடாது.

இன்னொரு பொறி: குப்ஃபர் செல்லைப் பிடுங்கும்போது சைனுசாய்டு சுவர் செல்லின் துண்டுகளும் பிளேட்லெட்டுகளும் அதன்மேல் ஒட்டிக்கொண்டே வரும். “சிடி31 வெளிப்படுத்தும் புதிய மேக்ரோஃபேஜ்” என்று கொண்டாடுமுன், பட ஃப்ளோ சைட்டோமெட்ரியிலோ திசு வெட்டிலோ பாருங்கள்.

குப்ஃபர் செல்லை உறுதியாக அடையாளம் காண்பது எப்படி?

பெயரே குழப்பத்தில் பிறந்தது. 1876இல் கார்ல் வில்ஹெல்ம் ஃபான் குப்ஃபர் தங்கக் குளோரைடு கொண்டு சாயமேற்றிக் கண்டவை நட்சத்திர வடிவ ஸ்டெல்லேட் செல்கள். பெயர் நிலைத்ததோ மேக்ரோஃபேஜ்களுக்கு. இந்தச் சிக்கலை 1971இல் ஜப்பானிய ஆய்வாளர் கென்ஜிரோ வேக்தான் அவிழ்த்தார்.

எலியில் எஃப்4/80 மிகுதி, சிடி11பி குறைவு, கிளெக்4எஃப் பாசிட்டிவ், டிம்4 பாசிட்டிவ். கருவிலேயே குடியேறிய பழைய குப்ஃபர் செல்கள் டிம்4 காட்டும். அவை அழிந்தபின் மோனோசைட்டுகள் வந்து இடம்பிடித்தால் கிளெக்4எஃப் சில நாட்களில் வரும், டிம்4 வர வெகு காலமாகும். கிளெக்4எஃப் மனிதக் குப்ஃபர் செல்லில் இல்லை. அங்கே சிடி163, மார்கோ, விசிக்4 ஆகியவற்றைச் சேர்த்துப் பாருங்கள்.

ஒற்றைச் செல் ஆர்என்ஏ வரிசையாக்கம் செய்தால் இந்தத் தொல்லையெல்லாம் தீருமா?

தீராது, வேறு உருவில் வரும். 37 டிகிரியில் நொதியோடு இருக்கும் நேரத்திலேயே ஃபாஸ், ஜூன், வெப்ப அதிர்ச்சிப் புரத ஜீன்கள் எழும்பிவிடும். அழற்சியின் அடையாளமும் அவையே. பெரிதும் மென்மையுமான ஹெபடோசைட்டுகள் கருவிக்குள் போகுமுன்பே உடைந்து, அல்புமின் ஆர்என்ஏவை எல்லாத் துளிகளிலும் தெளித்துவிடும். டி செல்லில் அல்புமின் தெரிந்தால் அது இந்தக் கசிவுதான். உறைந்த திசுவிலிருந்து உட்கருவை மட்டும் எடுத்து வரிசைப்படுத்தினால் ஹெபடோசைட்டுகள் நன்றாக வரும், ஆனால் லிம்ஃபோசைட்டுகளின் விவரம் மெலியும். இரண்டையும் ஒரே நோயாளியிடம் செய்ய முடிந்தால் நல்லது.

எந்த எலி மாதிரியைத் தேர்ந்தெடுப்பது?

மனித நோயைப் போன்றதை எலியில் உண்டாக்கும் முறைதான் இங்கே மாதிரி. கேள்விக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள். கான்கனாவலின் ஏ என்ற தாவரப் புரதத்தைச் சிரையில் கொடுத்தால் ஒரே நாளில் கடும் ஹெபடைடிஸ் வரும். ஆனால் அது பெரிதும் ஐஎன்கேடி செல்களால் (கொழுப்பு மூலக்கூறுகளை உணரும் டி செல் வகை) ஓடும் மாதிரி. எலிக் கல்லீரல் லிம்ஃபோசைட்டுகளில் 20 முதல் 30 சதவீதம் ஐஎன்கேடி. மனிதரில் 1 சதவீதமும் தேறாது. மெய்ட் செல்களில் நிலைமை நேர்மாறு: மனிதரில் ஏராளம், எலியில் அரிது. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்தாலே எலி ஆய்வு முடிவுகளைப் படிக்கும் பார்வை மாறும்.

கார்பன் டெட்ராகுளோரைடை வாரம் இருமுறை எண்ணெயில் கலந்து கொடுத்தால் நான்கு முதல் ஆறு வாரத்தில் நார்த்திசு படியும். நிறுத்தினால் தானே கரையும். தழும்பு கரைவதை ஆராய இது வசதி. ஆனால் மருந்தால் கரைந்ததா, நச்சை நிறுத்தியதால் கரைந்ததா என்று பிரிக்க, நிறுத்திய நாளிலிருந்தே ஒப்பீட்டுக் குழு வேண்டும்.

பாராசிட்டமால் மாதிரியில் எலிகளை இரவு முழுக்கப் பட்டினி போட்டு, கிலோவுக்கு 300 மி.கி. அளவில் கொடுப்பது வழக்கம். சோதிக்கும் மருந்தை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் முடிவே கெடும், ஏனெனில் பாராசிட்டமாலை நச்சாக மாற்றும் சைட்டோகுரோம் நொதியை டிஎம்எஸ்ஓவே தடுக்கும். “மருந்து காப்பாற்றியது” எனத் தோன்றும், காப்பாற்றியது கரைப்பான்.

மெதியோனின், கோலின் இல்லாத உணவில் கொழுப்பும் அழற்சியும் வேகமாக வரும், ஆனால் எலி இளைக்கும், இன்சுலின் எதிர்ப்பு வராது. உடல்பருமனோடு வரும் மனித நோய்க்கு அது மோசமான பிரதி.

ஹெபடைடிஸ் பி வைரஸ் செல்லைக் கொல்வதில்லை என்றால் கல்லீரல் ஏன் கெடுகிறது?

கெடுப்பவை பெரும்பாலும் நம் சொந்த டி செல்கள். வைரஸ் செல்லுக்குள் அமைதியாகப் பெருகும். அதைக் கண்டுகொண்ட சிடி8 செல் தாக்கும்போதுதான் ஏஎல்டி (கல்லீரல் செல் சிதையும்போது ரத்தத்தில் கசியும் நொதி) ஏறும். பெரியவர்களில் தொற்றியவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானோருக்கே அது நாள்பட்டதாகும். பிறப்பின்போது தொற்றிய குழந்தைகளில் ஏறக்குறைய 90 சதவீதத்துக்கு நாள்பட்டதாகும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போடச் சொல்வது இதனால்தான்.

நாள்பட்ட தொற்றில் டி செல்கள் களைத்துப்போகின்றன. பிடி-1 போன்ற தடைகள் ஏறுகின்றன. சேதமான ஹெபடோசைட்டுகளிலிருந்து கசியும் ஆர்ஜினேஸ், டி செல்லுக்கு வேண்டிய ஆர்ஜினினைத் தின்றுவிடுகிறது. வைரஸோ முழு வைரஸ் துகள்களைவிடப் பன்மடங்கு வெற்று எஸ் ஆன்டிஜன் (வைரஸின் மேலுறைப் புரதம்) துகள்களை ரத்தத்தில் கொட்டி ஆன்டிபாடிகளைத் திசைதிருப்புகிறது. என்டெகாவிர், டெனோஃபோவிர் மருந்துகள் வைரஸ் பெருகுவதை அடக்கும். ஆனால் உட்கருவில் சிறு வளையமாகத் தங்கும் வைரஸ் டிஎன்ஏவான சிசிசிடிஎன்ஏவை அழிக்காது. ஆகவே இப்போதைய இலக்கு “செயல்முறைக் குணம்”: சிகிச்சை முடிந்து 24 வாரத்துக்குப் பிறகும் எஸ் ஆன்டிஜனும் வைரஸ் டிஎன்ஏவும் ரத்தத்தில் தென்படாமல் இருப்பது.

ஆய்வாளருக்கு ஒரு எச்சரிக்கை. எஸ் ஆன்டிஜன் சிசிசிடிஎன்ஏவிலிருந்து மட்டும் வருவதில்லை. மனித மரபணுவில் செருகிக்கொண்ட வைரஸ் துண்டிலிருந்தும் வரும். அந்த அளவு குறைந்ததை வைத்து சிசிசிடிஎன்ஏ குறைந்தது என்று சொல்ல முடியாது. சாதாரண எலிகளுக்கு இந்த வைரஸ் தொற்றாது. வைரஸ் செல்லுக்குள் நுழையும் வாசலான மனித என்டிசிபி ஏற்பியைக் கொடுத்தாலும் எலி ஹெபடோசைட்டில் சிசிசிடிஎன்ஏ சரியாக உருவாவதில்லை.

ஹெபடைடிஸ் சி-க்குத்தான் மருந்து வந்துவிட்டதே, இன்னும் எதற்கு ஆய்வு?

8 முதல் 12 வார மாத்திரையில் 95 சதவீதத்துக்கு மேல் குணமாகிறது என்பது உண்மை. ஆனால் தடுப்பூசி இல்லை, குணமானவருக்கு மறுபடி தொற்றலாம். வைரஸ் போன பிறகும் களைத்த டி செல்களின் குரோமாட்டினில் அந்தக் களைப்பின் தடம் அழியாமல் நிற்கிறது. சிரோசிஸ் வந்துவிட்டவர்களுக்குப் புற்று ஆபத்தும் தொடர்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் அவசியம்.

எனக்கு மைட்டோகாண்ட்ரியா எதிர் ஆன்டிபாடி பாசிட்டிவ். இதனால்தான் கல்லீரல் கெடுகிறதா?

பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ் (சிறு பித்தக்குழாய்களைச் சொந்த நோயெதிர்ப்பே தாக்கும் நோய்) உள்ளவர்களில் 90 முதல் 95 சதவீதத்தினரிடம் இந்த ஆன்டிபாடி இருக்கும். நோயறிய அருமையான தடயம்; நோயின் கடுமையை அளக்க உதவாது. அளவு ஏறுவதும் இறங்குவதும் நோயின் போக்கோடு ஒத்துப்போவதில்லை, எனவே மாதாமாதம் அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். மருத்துவர் கவனிப்பது அல்கலைன் பாஸ்படேஸையும் பிலிருபினையும்.

ஆய்வாளர்களை ஈர்க்கும் புதிர் வேறு. இந்த ஆன்டிபாடியின் இலக்கான பிடிசி-இ2 புரதம் உடலின் எல்லாச் செல்களிலும் உண்டு. தாக்கப்படுபவை சிறு பித்தக்குழாய்ச் செல்கள் மட்டும். மற்றச் செல்கள் சாகும்போது குளூட்டதையோன் ஒட்டி அந்தப் புரதத்தின் முகத்தை மறைத்துவிடுகிறது. பித்தக்குழாய்ச் செல் சாகும்போது அது மறையாமல் வெளியே வருகிறது. முழு விடை இதுவல்ல, நல்ல தொடக்கம்.

சிரோசிஸ் நோயாளிகளுக்கு அடிக்கடி தொற்று வருவது ஏன்? வயிற்று நீரை எப்படிச் சேகரிப்பது?

போர்ட்டல் ரத்தம் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போவதால் குப்ஃபர் செல்களின் வடிகட்டல் நடப்பதில்லை. கல்லீரல் தயாரிக்கும், கிருமியைக் கொல்ல உதவும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் குறைகின்றன. குடல் சுவர் கசிகிறது. மோனோசைட்டுகளில், கிருமித் துண்டை டி செல்லுக்குக் காட்டும் ஹெச்எல்ஏ-டிஆர் புரதம் இறங்குகிறது. ஒருபக்கம் ஓயாத அழற்சி, மறுபக்கம் நுண்ணுயிரைக் கொல்லும் வலுவின்மை, இரண்டும் ஒரே உடலில்.

வயிற்று நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 250 அல்லது அதற்கு மேல் நியூட்ரோஃபில் இருந்தால் அது தொற்று. கல்ச்சர் முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சை தொடங்கப்படும். நீரை எடுத்த இடத்திலேயே, படுக்கையருகிலேயே, ரத்தக் கல்ச்சர் புட்டியில் 10 மி.லி. செலுத்துங்கள், சாதாரணக் குழாயில் அனுப்பினால் பாக்டீரியா தப்பிவிடும். ஆய்வுக்கு வேண்டியதை அதன் பிறகே எடுங்கள். பல லிட்டர் வடிக்கும் நோயாளியிடம் ஆய்வுக்குப் பஞ்சமில்லை.

ஹெச்எல்ஏ-டிஆர் அளக்கும் ரத்தத்தை இடிடிஏ குழாயில், பனிக்கட்டியில் வைத்து, சில மணி நேரத்துக்குள் சாயமிடுங்கள். அறை வெப்பத்தில் கிடந்தால் மோனோசைட்டுகள் அதைத் தாமே மேற்பரப்புக்கு ஏற்றிவிடும். நோயாளி குணமானதுபோல் தெரியும்.

எலியில் அருமையாக வேலை செய்த அழற்சி மருந்துகள் மனிதரில் ஏன் தோற்கின்றன?

கொழுப்புக் கல்லீரல் அழற்சியில் இதற்குச் சான்றுகள் பல. மோனோசைட் வருகையைத் தடுக்கும் செனிக்ரிவிராக் மூன்றாம் கட்டச் சோதனையில் பயன் தெரியாமல் நிறுத்தப்பட்டது. ஏஎஸ்கே1 என்ற நொதியின் தடுப்பானான செலோன்செர்டிப் 2019இல் தோற்றது. 2024இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கென முதலில் ஒப்புதல் பெற்ற ரெஸ்மெட்டிரோம் நோயெதிர்ப்பைத் தொடவே இல்லை. தைராய்டு ஹார்மோன் பீட்டா ஏற்பி வழியாகக் கொழுப்பைக் குறைக்கிறது.

எலிக்கு நோய் சில வாரத்தில் வருகிறது, மனிதருக்குப் பத்து இருபது ஆண்டுகளில். காரணம் தொடர்ந்துகொண்டே இருக்கும்போது அழற்சியின் ஒரு வழியை அடைத்தால் அடுத்த வழி திறக்கும். தவிர, தழும்பை உண்டாக்கும் மேக்ரோஃபேஜும் தழும்பைக் கரைக்கும் மேக்ரோஃபேஜும் ஒரே மோனோசைட்டிலிருந்து வருபவை. வாசலை மூடினால் இரண்டுமே வராது. எலி ஆய்வுகளில் பல, நோய் வருமுன்பே மருந்து தொடங்குபவை. நோயாளி வருவதோ நோய் முற்றியபின்.

ரத்த மாதிரியை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?

எட்டு மணி நேரத்துக்குள் ஃபைகாலில் (பெர்கோல் போல அடர்த்தியால் பிரிக்கும் திரவம்) பிரித்துவிடுங்கள். 24 மணி நேரம் கழிந்தால் நியூட்ரோஃபில்கள் அடர்த்தி குறைந்து ஒற்றைக்கரு செல்களின் படலத்தில் வந்து கலக்கும், டி செல்களின் வினையையும் அமுக்கும். ஃபைகாலும் ரத்தமும் அறை வெப்பத்தில் இருக்கட்டும். 400 ஜி, 30 நிமிடம், பிரேக் வேண்டாம். மி.லி. ரத்தத்துக்குப் பத்து லட்சம் செல் என்பது பொதுக் கணக்கு. சிரோசிஸில் மண்ணீரல் வீங்கி லிம்ஃபோசைட்டுகள் குறைவதால் பாதியை எதிர்பார்த்து ரத்த அளவைத் திட்டமிடுங்கள்.

உறைய வைக்க 10 சதவீத டிஎம்எஸ்ஓ, நிமிடத்துக்கு 1 டிகிரி குறையும் பெட்டி, மறுநாள் திரவ நைட்ரஜன். மைனஸ் 80 டிகிரியில் மாதக்கணக்கில் விட்டுவைத்தால் செல் உயிரோடு எழுந்தாலும் வேலை செய்யாது.

மாதிரி கொடுத்தால் எனக்கு நேரடிப் பயன் உண்டா?

பெரும்பாலும் இல்லை. முடிவுகள் உங்கள் சிகிச்சையை மாற்றப் பயன்படுவதில்லை. ஒப்புதல் படிவத்தில் மூன்றைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: ஆய்வுக்கென்று கூடுதலாக ஊசி குத்துவார்களா, மிச்சத்தை எத்தனை ஆண்டு வைப்பார்கள், மரபணு வரிசையாக்கம் செய்வார்களா. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் சிகிச்சை பாதிக்கப்படக்கூடாது.

இந்த மாதிரிகளைக் கையாளும் எங்களுக்குத் தொற்று ஆபத்து எவ்வளவு?

ஹெபடைடிஸ் பி காய்ந்த ரத்தக் கறையில்கூட ஏழு நாள்வரை தொற்றும் திறனோடு இருக்கும். வேலையில் சேருமுன் மூன்று தவணைத் தடுப்பூசி, கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எஸ் எதிர் ஆன்டிபாடி அளவு. லிட்டருக்கு 10,000 மில்லி அலகு, அதாவது மி.லி.க்கு 10 மில்லி அலகு, இருந்தால் காப்பு உண்டு. ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லாததால், தெரிந்த பாசிட்டிவ் மாதிரியில் கண்ணாடிப் பைபெட்டும் கூர்முனைகளும் வேண்டாம். உயிருள்ள தொற்றுச் செல்களை ஃப்ளோ கருவியில் தரம்பிரிப்பதில்தான் ஆபத்து அதிகம், முனை அடைத்தால் நுண்துளிகள் தெறிக்கும். பாதுகாப்பு உறை இல்லாத கருவியென்றால், முதலில் பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்திவிட்டு அலசலை மட்டும் செய்யுங்கள்; தரம்பிரித்த செல் கட்டாயம் வேண்டுமென்றால் உறையுள்ள கருவி இருக்கும் ஆய்வகத்துக்கு மாதிரியைக் கொண்டுபோங்கள்.